கடைசி ஆளுக்கு முன்னால்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்தது எனக்கு. அப்போது நான் தூங்கவில்லை. காய்ச்சல் இல்லை. மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை. அது ராத்திரியும் இல்லை. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தாரோ தெரியாது. எனக்கு வந்தது பட்டப்பகலில். மதியம் சரியாக 2:14.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு நாளைக்கு முப்பது பேருடைய எலும்பைப் பார்க்கிறேன். என் அறைக்கு எதிரே பிணவறை. அதன் கதவு காற்றில் அடித்துக்கொண்டால் நானே எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து வேலையைப் பார்ப்பேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "அதுக்கு எலும்பு இருக்கா? இருந்தா கூட்டிட்டு வாங்க, ஒரு படம் எடுத்துடலாம்" என்பேன். அப்படிப்பட்ட வாய் என்னுடையது.

ஐந்து வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறேன். எங்கள் கிளப்பில் வருஷத்துக்கு ஒரு முறை மலைப்பாதையில் ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் போவோம். காலை 5:00 மணிக்குக் கிளம்ப வேண்டும், சாயங்காலம் 6:30-க்குள் முடிக்க வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் நான்கு கட்டம். வழியில் மூன்று இடம், முடிவில் ஓர் இடம். ஒவ்வோர் இடத்திலும் முத்திரை குத்தி, நேரம் எழுதித் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. நான்கு கட்டமும் நிறைந்தால் முடித்தீர்கள். மூன்றரை என்று ஒன்று கிடையாது. பரிசு, பணம் எதுவும் கிடையாது. அந்த அட்டைதான்.

இரண்டு வருஷமாக எனக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு முறையும் 128-வது கிலோமீட்டரில், இரண்டாவது முத்திரையோடு முடங்கிப்போய், முடியாதவர்களை ஏற்றி வரும் வேனில் ஏறி வந்தேன். என் கொழுந்தனார் எனக்கு 'வேன் ராணி' என்று பட்டமே கட்டிவிட்டார். அதைக்கூடத் தள்ளிவிடலாம். இந்த முறை கிளம்புவதற்கு முந்தின நாள் என் மகள், பதினாலு வயசு, கேலியெல்லாம் இல்லாமல் ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"அம்மா, வேன் எத்தன மணிக்கு வரும்? நான் சாப்பிடாம காத்திருக்கவா?"

அது நெஞ்சில் தைத்துவிட்டது. இந்த முறை வேனில் ஏறுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக ஓட்டுவதில்லை. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரும் நானும் ஜோடி. எதிர்காற்று அடித்தால் ஒருவர் முன்னால் போவார், மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே போவார். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்குப் பாதி வேலைதான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் வலது முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஒதுங்குவார். 'உன் டர்ன், முன்னால் வா' என்று அர்த்தம். வாயைத் திறக்கவே வேண்டாம். நான்கு வருஷப் பழக்கம். தூக்கத்தில்கூட என் முழங்கை ஆடுகிறது என்று வீட்டுக்காரர் சொல்வார்.

இந்த முறை மருந்துக்கடைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தனியாகத்தான் போனேன்.

128-வது கிலோமீட்டர். கணவாய்க்குக் கீழே ஒரு பெட்ரோல் பங்க். முத்திரை குத்த உட்கார்ந்திருந்தவர் எங்கள் கிளப்பில் இருக்கும் பேக்கரிக்காரர். வேனும் அவருடையதுதான். நான் போய் நின்றபோது மணி 1:25. கெடு 1:32.

"நீங்கதான் கடைசி ஆள்," என்றார். "உங்களுக்கு முன்னாடி போனவங்க போய் ஒரு மணி நேரம் ஆச்சு. மத்த அஞ்சு பேரு வேன்ல உக்காந்துட்டாங்க. மேல காத்து, பனிமூட்டம். ஏறுங்க மேடம்."

"முத்திரையக் குத்துங்க."

"அடுத்த இடம் நாலு மணிக்கு மூடிடுவோம். முப்பத்தேழு கிலோமீட்டர். இந்தக் காத்துல முடியாது."

"குத்துங்க சார்."

குத்தினார். நான் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருக்கும்போது ஆறுதலாக ஒன்று சொன்னார். "சரி, கணவாய் இன்னும் கொஞ்ச தூரம்தான்." சைக்கிள்காரர்கள் சொல்கிற பொய்களிலேயே பெரிய பொய் அது. எல்லோரும் எல்லோரிடமும் சொல்வோம். யாரும் நம்ப மாட்டோம்.

வேன் பள்ளத்தாக்கு வழியாகக் குறுக்குப் பாதையில் இறங்கிப் போனது. நான் மேலே ஏறினேன். 1:30.

மழை விட்டிருந்தது, ரோடு ஈரம். மேலே மரம் கிடையாது. புல்லும் பாறையும் மட்டும். காற்று முகத்தில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி அடித்தது. ஹேண்டில்பாரில் இருந்த வேக மீட்டர் 9 காட்டியது. அப்புறம் 8. மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் அடுத்த முத்திரை இடத்துக்கே ஆறு மணிக்குத்தான் போய்ச் சேருவேன். மகள் சாப்பிடாமல் காத்திருப்பாள். வேனைப் பார்த்துக்கொண்டு.

பனிமூட்டம் இறங்கியது. முன்னால் பத்தடி தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். தொடை எரிந்தது. எவ்வளவு நேரம் காற்றை வாங்கினேனோ தெரியாது. உடம்பு சலித்துப்போய், யோசிக்காமல், தன் பாட்டுக்கு ஒரு காரியம் செய்தது.

என் வலது முழங்கை ஆடியது. நான் ஓரமாக ஒதுங்கினேன்.

அப்புறம்தான் உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளே இல்லாத ரோட்டில் யாருக்கடி டர்ன் கொடுக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மணி பார்த்தேன். 2:14.

டிக்... டிக்... டிக்... டிக்...

என் வலது பக்கம். பின்சக்கரத்து ஃப்ரீவீல் சத்தம். சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பின்னாலிருந்து வந்து, என்னைத் தாண்டி, முன்னால் போனது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை.

காற்று நின்றுவிட்டது.

நின்றது என்றால், எனக்கு மட்டும். ஓரத்தில் புல் படுத்துக்கொண்டுதான் இருந்தது. என் காதுக்கு வெளியே காற்று இரைந்தது. ஆனால் என் மார்பில் படவில்லை. ஒரு ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. நான்கு வருஷமாக மருந்துக்கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் போகிறவளுக்கு அது தெரியாதா?

மீட்டரைப் பார்த்தேன். 17.

நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்கள். நான் நிற்கவில்லை. என் புத்தியில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான்கு மணி. 'எதுவாக இருந்தால் என்ன, காற்றை மறைக்கிறதா, மறைக்கட்டும்' என்று மிதித்தேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக வேனில் ஏற முடியுமா?

2:24. காற்று மறுபடி முகத்தில் அறைந்தது. டிக் டிக் சத்தம் என்னை உரசிக்கொண்டு பின்னால் போனது.

பத்து நிமிஷம். ஒரு வினாடி கூடக் குறைச்சல் இல்லை. என் டர்ன்.

நானும் பத்து நிமிஷம் காற்றை வாங்கினேன். முறை என்றால் முறைதான். 2:34-க்கு முழங்கையை ஆட்டினேன். இந்த முறை பழக்க தோஷத்தில் இல்லை. தெரிந்தே ஆட்டினேன். அது வந்தது. காற்று நின்றது.

அப்போதுதான் முகத்தில் ஏதோ பட்டது. ஈரமாக. துடைத்துப் பார்த்தேன். சேறு.

என் சைக்கிளில் முன்னும் பின்னும் மட்கார்டு உண்டு. என் சக்கரம் என் மேலேயே சேறு அடிக்காது. ஈர ரோட்டில் முன்னால் போகிறவருடைய பின்சக்கரம்தான் அப்படி அடிக்கும். நேர்க்கோடாக. நெற்றியில், மூக்கில், கழுத்தில், மார்பில்.

வெறும் பனிமூட்டத்திலிருந்து அது தெறித்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஃப்ரீவீல் எப்போது சத்தம் போடும்? பெடலை மிதிக்காதபோதுதான். இறக்கத்தில் சும்மா போகும்போது. நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஏற்றம். எதிர்காற்று வேறு. முன்னால் போனது மிதிக்கவே இல்லை.

டிக்... டிக்... டிக்...

மிதிக்காமல், ஏற்றத்தில், 17.

2:44 என் டர்ன். 2:54 அதன் டர்ன். சரியாகத்தான் போனது. கணவாயின் உச்சி வந்துவிட்டது என்று கால் சொன்னது. பிறகு 3:04 ஆயிற்று. என் டர்ன் வர வேண்டும்.

காற்று வரவில்லை.

3:05. 3:07. அது முன்னாலேயே இருந்தது. மீட்டர் 20. அப்புறம் 23. சேறு வேகமாகத் தெறித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. முன்னால் ஏதோ வெள்ளை டிரம்கள் மாதிரித் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே சைக்கிள் நுழைகிற இடைவெளி. நுழைந்துவிட்டோம்.

டயர் சத்தம் மாறியது.

கரகரவென்று. பொடிக்கல். கீழே பார்த்தேன்.

ரோட்டின் நடுவில் புல் முளைத்திருந்தது.

வண்டி போகிற ரோட்டில் எப்படிப் புல் முளைக்கும்?

பிரேக்கைப் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து. சக்கரம் வழுக்கி, காலை ஊன்றி நின்றேன். 3:09.

முன்னால் டிக் டிக் சத்தம் கொஞ்ச தூரம் போனது.

நின்றது.

பிறகு திரும்பி வந்தது. மெதுவாக.

டிக்.

டிக்.

என் வலது காதுக்குப் பக்கத்தில். மூச்சு இல்லை. சூடு இல்லை. ஈர ரப்பர் வாடை மட்டும்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

ஆண் குரல். களைத்துப்போன குரல். அவ்வளவுதான் சொன்னது.

கை பிரேக்கை விடவில்லை. கால் ஊன்றின இடத்தை விட்டு அசையவில்லை. வாய் மட்டும் அடங்கவில்லை. அது எப்போதும் என் பேச்சைக் கேட்டதில்லை.

"பொய் சொல்லாத," என்றேன். "இது வழியில்ல. புல்லு முளைச்சிருக்கு பாரு."

கண்ணில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு நிமிஷமா நீயே முன்னாடி போற. என் டர்ன் எங்க? முறைன்னா முறைதான். நான் திரும்பிப் போறேன். வர்றதுன்னா என் பின்னாடி வா. இனிமே நான்தான் முன்னாடி."

சைக்கிளைத் திருப்பினேன். முதுகைக் காட்டிக்கொண்டு போனேனே, அதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய காரியம். திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்காற்று இப்போது முதுகில் தள்ளியது. தள்ளினது காற்றுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

டிரம்களைத் தாண்டினேன். அங்கே ரோடு இரண்டாகப் பிரிந்தது. புதிய ரோடு இடது பக்கம் வளைந்து இறங்கியது. பலகையில் பெரிய அம்புக்குறியே போட்டிருந்தார்கள். சேறு தெறித்த கண்ணில் அது படவே இல்லை. மணி 3:16.

பின்னால் கேட்டது. டிக்... டிக்... டிக்...

வந்தது.

இறக்கத்தில் விட்டேன். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் பழக்கத்தில் கையைக் காட்டினேன். பின்னால் வருகிறவருக்குப் பள்ளத்தைக் காட்டுவது எங்கள் மரியாதை. யாராக இருந்தாலும் விழக் கூடாது இல்லையா?

165-வது கிலோமீட்டரில் வேன் நின்றது. பேக்கரிக்காரர் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடக்கினதை மறுபடி விரித்தார். 3:56.

முத்திரையைக் குத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மார்பை. நெற்றியிலிருந்து வயிறு வரைக்கும் கோடு இழுத்த மாதிரி சேறு.

"யாரோட சக்கரத்துக்குப் பின்னாடி வந்தீங்க?"

"தனியாத்தான் வந்தேன்."

அவர் என் மட்கார்டைப் பார்த்தார். என் பின்னால் ரோட்டைப் பார்த்தார். வேனில் ஏறுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

கடைசி முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு ஏற்றம், ஒரு நீளமான சமவெளி. காற்று விடவில்லை. நானும் விடவில்லை. முழங்கை தானாக ஆடப் பார்த்தது. உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். முழுக்க நானே வாங்கினேன். பின்னால் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பயம் ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துப்போகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "வா, வா, வந்து தொலை" என்று இரண்டு முறை சத்தமாகவே சொன்னேன்.

ஊர் வெளிச்சம் தெரிந்தது. கடைசி கிலோமீட்டர். அப்போது முகத்தில் மறுபடி கொஞ்சம் சேறு தெறித்தது. தூறல் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

முடிவிடம் ஒரு பள்ளிக்கூட மைதானம். முத்திரையோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் கிளப் தலைவர். அங்கே பி.டி. வாத்தியார். எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும், அதனால் அவருக்கு 'விசில்' என்றே பெயர். நான்காவது கட்டத்தில் குத்தி, 6:21 என்று எழுதிக் கொடுத்தார். நான் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். வீட்டுக்குப் போனபோது மகள் சாப்பிட்டு முடித்திருந்தாள். அட்டையைக் காட்டினேன். வாங்கி, எண்ணிப் பார்த்தாள்.

"நாலும் இருக்கும்மா."

இத்தோடு முடிந்திருந்தால் களைப்பில் ஏதோ பிரமை என்று நானே சொல்லியிருப்பேன். நான்கு நாள் கழித்து விசில் போன் பண்ணினார். பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்.

விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப் போன பந்துகள், சுருட்டி வைத்த வலை, சுண்ணாம்புத் தூள் மூட்டை. கதவைச் சாத்தினார்.

"பேக்கரிக்காரர் உங்க மேல இருந்த சேத்தப் பத்திச் சொன்னாரு. தனியா வர்றப்ப யாருக்காவது டர்ன் குடுத்தீங்களா?"

"பழக்க தோஷம். கைய ஆட்டிட்டேன்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே எங்கள் கிளப் அட்டை. பழசு. ஓரம் தண்ணீரில் ஊறிக் காய்ந்தது.

"ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார். "இந்த அட்டைக்காரரும் கடைசி ஆள்தான். பனிமூட்டம். அப்ப அந்தப் பழைய ரோடு மட்டும்தான் இருந்துச்சு. அன்னைக்கு மதியம்தான் சரிஞ்சு விழுந்துது. அது அவருக்குத் தெரியாது. மூணு நாள் கழிச்சு உடம்பு கெடச்சுது, சட்டைப் பையில இந்த அட்டையோட. சைக்கிள் இன்னும் கெடைக்கல."

நான் நின்ற இடத்தைச் சொன்னேன். புல்லைச் சொன்னேன்.

"அங்கருந்து நாப்பது அடிதான் ரோடு. அதுக்கப்புறம் கிடுகிடு பள்ளம்."

கழுத்தில் தொங்கிய விசிலை உருட்டிக்கொண்டே சொன்னார். "குடுத்த அட்டைய ரத்து பண்றதில்லன்னு கிளப்புல ஒரு வழக்கம். அதனால வருஷா வருஷம் இத முடிவிடத்துல, மேசை மேல, மை டப்பாவுக்குக் கீழ வைப்பேன். ஆறரை அடிச்சதும் எடுத்துடுவேன். யார்கிட்டயும் சொல்றதில்ல. போன வருஷம் வரைக்கும் இதுல ரெண்டு முத்திரைதான்."

அட்டையை என் பக்கம் திருப்பினார்.

நான்கு முத்திரை இருந்தது.

முதல் இரண்டும் மங்கிப்போனவை. பின்னிரண்டும் புது நீல மை. அந்த வடிவத்தில் முத்திரை இந்த வருஷம்தான் செய்தது. பழையது உடைந்துவிட்டது. என் அட்டையில் இருப்பதும் அதே முத்திரைதான். மூன்றாவது கட்டத்தில் 3:56.

"கடைசிக் கட்டத்துல இருக்கறது என் கையெழுத்துதான்," என்றார் விசில். "ஆனா நான் எழுதல."

நான்காவது கட்டத்தைப் பார்த்தேன்.

6:20.

என்னுடையது 6:21.

கடைசி கிலோமீட்டரில் முகத்தில் தெறித்தது தூறல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. ஐம்பது கிலோமீட்டர் காற்றை நான் வாங்க, என் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்துவிட்டு, முடிவில் தாண்டிப் போயிருக்கிறார். கடைசி ஆள் கடைசியில் நான்தான்.

அடுத்த வருஷத்துக்கு அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். போவேன். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, சைக்கிளில்தான் வருவேன். ஆனால் 128-ஐத் தாண்டிவிட்டால், காற்று எவ்வளவு அடித்தாலும், முழங்கையை ஆட்ட மாட்டேன்.